தப்பு செய்து பாடம் படித்த இயந்திரம்!



அப்பாவின் செல்போனைக் கையில் எடுத்துத் தமிழில் பேசுகிறீர்கள். நீங்கள் பேசியது அப்படியே எழுத்தாக மாறுகிறது. ஓர் இலையைப் படம் பிடித்துக் காட்டினால், அது எந்தச் செடியின் இலை என்று சொல்லிவிடுகிறது. இதையெல்லாம் செல்போனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உலகில் உள்ள ஒவ்வோர் இலையைப் பற்றியும் யாரோ உட்கார்ந்து விதி எழுதி வைத்தார்களா?

இல்லை. ஆயிரக்கணக்கான இலைகளைப் பார்த்து, தப்புத் தப்பாகச் சொல்லி, திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்ட ஒரு கம்ப்யூட்டர் முறைதான் அதற்குள் வேலை செய்கிறது. இதற்கு 'நியூரல் நெட்வொர்க்' என்று பெயர். தமிழில் நரம்பணு வலைப்பின்னல் என்று சொல்லலாம்.

இப்படி ஓர் இயந்திரம் கற்க முடியும் என்று செய்து காட்டிய முன்னோடி ஒருவர் உண்டு. உலகம் அவரை ஒருமுறை தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. பிறகு மறந்தே போனது. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்தான், அவர் போட்ட பாதை சரியானது என்று புரிந்துகொண்டது. அவர் பெயர் பிராங்க் ரோசன்பிளாட்.

மூளை மீது ஆசை

1928-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள நியூ ரோஷெல் என்ற ஊரில் பிறந்தார் பிராங்க். நியூயார்க்கில் உள்ள பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அதே பள்ளியில் அவரைவிட ஒரு வயது மூத்த மார்வின் மின்ஸ்கி என்ற மாணவரும் படித்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1950-இல் பட்டம் பெற்றார். அங்கேயே உளவியல் ஆராய்ச்சி செய்து 1956-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். உளவியல் என்றால் மனத்தைப் பற்றிய படிப்பு. ஆனால், பிராங்க்குக்கு அதோடு ஆசை அடங்கவில்லை. மூளை எப்படிப் பார்க்கிறது? பார்த்ததை எப்படி நினைவில் வைக்கிறது? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மூளையைப் போல ஒன்றைச் செய்து பார்ப்பதுதான் என்று நினைத்தார்.

நம் மூளையில் சுமார் 8600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. நியூரான் என்பதும் இதைத்தான். ஒவ்வொரு நரம்பணுவும் பல நரம்பணுக்களிடம் இருந்து செய்தி வாங்குகிறது. வந்த செய்திகள் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால், அடுத்த நரம்பணுக்களுக்குச் செய்தி அனுப்புகிறது. தாண்டாவிட்டால் சும்மா இருந்துவிடுகிறது.

1943-இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், நரம்பணுவை ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சுவிட்ச் போலக் கணக்கில் எழுதிக் காட்டினர். 1949-இல் டொனால்டு ஹெப் என்ற கனடா நாட்டு அறிஞர் இன்னொன்று சொன்னார். தோட்டத்துக்கு நடுவே எல்லாரும் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை விழுகிறது அல்லவா? அதுபோல, இரண்டு நரம்பணுக்கள் சேர்ந்து வேலை செய்யச் செய்ய, அவற்றின் இணைப்பு வலுப்படுகிறது. அதுதான் கற்றல் என்றார்.

இந்த இரண்டு கருத்துகளையும் ஒன்றாகச் சேர்த்தார் ரோசன்பிளாட். பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, 1957-இல் தன் புதிய இயந்திரத்தின் திட்டத்தை எழுதினார். அதற்கு 'பெர்செப்ட்ரான்' என்று பெயர் வைத்தார். பார்த்து உணர்வது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லில் இருந்து பிறந்த பெயர் அது.

திராட்சைத் தோட்டத்தில் பெர்செப்ட்ரான்

பெர்செப்ட்ரான் எப்படிக் கற்கிறது? பயந்துவிடாதீர்கள். கூட்டல், கழித்தல் தெரிந்தால் போதும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பேர் போனது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. சுருளிப்பட்டிப் பக்கம் வந்தால் பந்தல் பந்தலாகக் குலைகள் தொங்குவதைப் பார்க்கலாம். அந்தப் பந்தலுக்குக் கீழே, திராட்சையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஓர் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்துவோம். எந்தக் குலை இனிக்கும் என்று அது சொல்ல வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் மட்டும் கேட்கத் தெரியும். பழம் கறுத்திருக்கிறதா? குலை பெரியதா? பக்கத்தில் இலை இருக்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மார்க். தொடக்கத்தில் மூன்றுக்கும் ஆளுக்கு 1 மார்க் கொடுப்போம். ஆம் என்று பதில் வந்த கேள்விகளின் மார்க்கை மட்டும் கூட்ட வேண்டும். பாஸ் மார்க் 2. கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் வந்தால், இனிக்கும் என்று இயந்திரம் சொல்லும்.

முதல் குலை: பழம் பச்சை, குலை பெரியது, பக்கத்தில் இலை இருக்கிறது. மார்க் 0 + 1 + 1 = 2. இனிக்கும் என்கிறது இயந்திரம். வாயில் போட்டால் ஒரே புளிப்பு! தப்பு. ஆகவே, அதை ஏமாற்றிய இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு மார்க்கைக் குறைக்கிறோம். இப்போது கறுப்பு 1, பெரிய குலை 0, இலை 0.

இரண்டாவது குலை: பழம் கறுப்பு, குலை சிறியது, பக்கத்தில் இலை இல்லை. கூட்டினால் 1 தான். இனிக்காது என்கிறது இயந்திரம். சாப்பிட்டால் கற்கண்டு! மறுபடியும் தப்பு. இந்த முறை, ஆம் என்று சொன்ன கறுப்புக்கு ஒரு மார்க் கூட்டுகிறோம். இப்போது கறுப்பு 2, பெரிய குலை 0, இலை 0.

இனி எந்தக் குலையைக் காட்டினாலும் பாருங்கள். கறுத்திருந்தால் 2 மார்க், பாஸ். கறுக்காவிட்டால் எவ்வளவு பெரிய குலையாக இருந்தாலும் 0 தான். இனிப்புக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று அதற்கு யாருமே சொல்லித் தரவில்லை. இரண்டே இரண்டு தப்புகள் அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டன.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? பதில் சரியாக இருந்தால் இயந்திரம் எதையும் மாற்றிக்கொள்வதில்லை. தப்பு வரும்போது மட்டும்தான் மாற்றிக்கொள்கிறது. அதாவது, அது கற்பதே தப்பில் இருந்துதான்! இதுதான் ரோசன்பிளாட் கண்ட வழி. பெர்செப்ட்ரானால் தீர்க்கக்கூடிய கணக்காக இருந்தால், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் அது தப்பு செய்யாது; கட்டாயம் கற்று முடித்துவிடும் என்பதும் பிறகு கணிதப்படி நிரூபிக்கப்பட்டது.

400 கண்கள்

1958-ஆம் ஆண்டு ஜூலை மாதம். வாஷிங்டன் நகரில் பத்திரிகையாளர்கள் கூடியிருந்தனர். இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அமெரிக்கக் கடற்படை. ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொள்ளும் ஐ.பி.எம். 704 என்ற கம்ப்யூட்டரில், பெர்செப்ட்ரான் முறை முதலில் ஓட்டிக் காட்டப்பட்டது. சில அட்டைகளில் இடப்பக்கம் குறி இருந்தது, சிலவற்றில் வலப்பக்கம். தொடக்கத்தில் தடுமாறிய கம்ப்யூட்டர், 50 முறை பார்த்த பிறகு எது இடது, எது வலது என்று தானாகப் பிரித்துச் சொன்னது.

இடது வலது பிரிப்பது என்ன பெரிய வித்தை என்று தோன்றும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யுமே! ஆனால், அதுவரை கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு படியையும் மனிதர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவோ, விதி எதுவும் எழுதித் தராமலே கற்றுக்கொண்டது. அதுதான் அதிசயம்.

அதன் பிறகு உண்மையான இயந்திரத்தையே கட்டினார் ரோசன்பிளாட். அதன் பெயர் மார்க் 1 பெர்செப்ட்ரான். 1960-இல் அது மக்களுக்குக் காட்டப்பட்டது. வரிசைக்கு 20 வீதம் 20 வரிசைகளில், 400 ஒளியுணரும் கருவிகள் அதற்குக் கண்ணாக இருந்தன. கண்ணுக்கு அடுத்து, நரம்பணு போல வேலை செய்யும் 512 அமைப்புகள். கண்ணில் இருந்து அவற்றுக்குப் போன கம்பிகளை ஒழுங்கு பார்க்காமல் தாறுமாறாக இணைத்திருந்தார். நம் மூளையின் இணைப்புகளும் வரைபடம் போட்டுக் கட்டிய வீடு போல இருக்காது என்பது அவர் எண்ணம்.

மார்க்கைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி? ரேடியோவில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருக்கும் அல்லவா? அதே போன்ற திருகுகள். அவற்றைச் சிறு மோட்டார்கள் திருப்பின. இயந்திரம் தப்பாகச் சொன்னால், மோட்டார்கள் சுழன்று திருகுகளைத் திருப்பும். வடிவங்களையும் எழுத்துகளையும் அந்த இயந்திரம் இப்படித்தான் அடையாளம் காணக் கற்றது. நீங்கள் எழுத்துப் பழகியது போலத்தான்!

அளவுக்கு மீறிய புகழ்

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? இந்த இயந்திரம் நாளை நடக்கும், பேசும், எழுதும், தன்னைப் போல இன்னொன்றைத் தானே உண்டாக்கும் என்றெல்லாம் எழுதித் தள்ளின. ரோசன்பிளாட்டும் தன் இயந்திரத்தின் எதிர்காலம் பற்றிப் பெரிய நம்பிக்கையோடு பேசினார். அன்றைய இயந்திரமோ சில வடிவங்களைத்தான் பிரித்தறியும் நிலையில் இருந்தது. சொன்னது மலையளவு, செய்தது கையளவு. மற்ற விஞ்ஞானிகளுக்கு இது எரிச்சலாக இருந்தது.

அவர்களில் ஒருவர்தான் அந்தப் பழைய பள்ளித் தோழர் மார்வின் மின்ஸ்கி. அவரும் பெரிய விஞ்ஞானி. இருவரும் மாநாட்டு மேடைகளில் காரசாரமாக வாதம் செய்தார்கள். 1969-இல் மின்ஸ்கியும் சீமோர் பேப்பர்ட் என்பவரும் சேர்ந்து ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். புத்தகத்தின் பெயரே 'பெர்செப்ட்ரான்கள்'தான். ஓர் அடுக்கு மட்டும் கற்கும் பெர்செப்ட்ரானால் சில எளிய கணக்குகளைக்கூடச் செய்ய முடியாது என்று கணிதம் மூலம் அதில் காட்டினார்கள்.

அப்படி ஒரு கணக்கு, உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே இருக்கலாம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், நடுவில் ஒரு விளக்கு. இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் விளக்கு எரியும். இரண்டையும் போட்டால் அணைந்துவிடும். இரண்டையும் போடாவிட்டாலும் எரியாது. இதைப் பெர்செப்ட்ரானுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். கீழ் சுவிட்ச் தனியாகவே பாஸ் ஆக வேண்டும். மேல் சுவிட்சும் தனியாகவே பாஸ் ஆக வேண்டும். தனித்தனியாகப் பாஸ் ஆன இரண்டு மார்க்கையும் கூட்டினால் இன்னும் அதிகம்தானே வரும்? அப்போது மட்டும் எப்படி ஃபெயில் ஆகும்? எத்தனை நாள் திருத்தினாலும் இந்தக் கணக்கு வராது!

இந்தக் கணக்குக்கு விடை, பல அடுக்குகள். ஓர் அடுக்கு கண்டதை அடுத்த அடுக்குக்குச் சொல்ல வேண்டும். இது ரோசன்பிளாட்டுக்குத் தெரியாதது அல்ல. 1962-இல் வந்த தன் புத்தகத்தில் பல அடுக்கு வலைகளைப் பற்றி எழுதியிருந்தார். ஆனால், நடு அடுக்கில் உள்ள நரம்பணுக்களில் எது எவ்வளவு தப்பு செய்தது என்று கண்டுபிடித்துத் திருத்த நல்ல வழி அவருக்குக் கிடைக்கவில்லை.

மின்ஸ்கி எழுதிய கணக்கு சரிதான். ஆனால், அதைப் படித்தவர்களில் பலர், ஓரடுக்கு வலைக்கு உள்ள குறையை எல்லா வலைகளுக்கும் உள்ள குறையாக நினைத்துவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வந்த பணம் வற்றியது. மாணவர்கள் வேறு துறைக்குப் போனார்கள்.

43-ஆவது பிறந்தநாள்

அதற்குள் ரோசன்பிளாட் இத்தாக்கா ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகத்துக்கே திரும்பியிருந்தார். உயிரியல் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். எலிகளின் நினைவாற்றல் பற்றிச் சோதனைகள் செய்தார். பயிற்சி பெற்ற எலியின் மூளைச் சாற்றை இன்னோர் எலிக்குச் செலுத்தினால், முதல் எலி கற்றது இரண்டாவதற்கும் வருமா என்று தேடினார். அப்படி எதுவும் குறிப்பிடும்படி நடக்கவில்லை என்று தெரிந்ததும், அதையும் மறைக்காமல் வெளியிட்டார். தான் தேடியது கிடைக்கவில்லை என்று சொல்வதும் விஞ்ஞானியின் கடமைதானே?

வானத்தைப் பார்ப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. வீட்டருகே தொலைநோக்கியோடு ஓர் ஆய்வுக்கூடத்தையே அமைத்துக்கொண்டார். பியானோ வாசிப்பார். படகு ஓட்டவும் பிடிக்கும்.

1971-ஆம் ஆண்டு ஜூலை 11. அன்று அவருக்கு 43-ஆவது பிறந்தநாள். செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகில் சென்றபோது நடந்த விபத்தில் அவர் இறந்துபோனார். அவருடைய நரம்பணு வலையைப் பெரும்பாலோர் கைவிட்டிருந்த நேரம் அது. தன் எண்ணம் வெல்லும் என்று காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கணக்கு விடிந்தது

ஆனாலும் உலகில் ஒரு சிலர் விடாமல் முயன்றுகொண்டே இருந்தார்கள். 1982-இல் ஜான் ஹாப்ஃபீல்டு, நினைவில் வைத்துக்கொள்ளும் ஒருவகை நரம்பணு வலையைப் பற்றி எழுதினார். 1986-இல் டேவிட் ரூமல்ஹார்ட், ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்டு வில்லியம்ஸ் ஆகிய மூவர், பல அடுக்கு வலையைத் திருத்தும் வழியை எல்லாருக்கும் விளங்கும்படி காட்டினார்கள்.

அது என்ன வழி? கல்யாணப் பந்தியில் சாம்பார் உப்புக் கரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிமாறியவர் சமையல்காரரைக் கேட்பார். சமையல்காரர், உப்பை அளந்து தந்தவரைக் கேட்பார். கடைசியில் இருந்து பின்னோக்கிப் போய், யார் பங்குக்கு எவ்வளவு தப்பு என்று பார்த்து, அவரவர் அந்த அளவுக்குத் திருத்திக்கொண்டால் அடுத்த பந்தியில் சாம்பார் சரியாகிவிடும். அதேபோல, கடைசி அடுக்கில் வந்த தப்பைப் பின்னோக்கி ஒவ்வோர் அடுக்காக அனுப்பித் திருத்துவதுதான் அந்த வழி. ரோசன்பிளாட் தேடியதும் இதைத்தான்.

நம் நாட்டிலும் இந்தத் துறை வளர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த பி. யக்ஞநாராயணா, 1999-இல் நரம்பணு வலைகளைப் பற்றிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடநூல் எழுதினார். மனிதர் பேச்சைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்வது பற்றிய ஆராய்ச்சியில் பேர் பெற்றவர் அவர்.

2012-க்குப் பிறகு வேகமான கம்ப்யூட்டர்களும் கோடிக்கணக்கான படங்களும் கிடைத்ததால், நரம்பணு வலை கிடுகிடுவென வளர்ந்தது. 2024-இல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ரோசன்பிளாட் பெயரில் ஒரு விருதை, மின் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. 2004-இல் ஏற்படுத்தியது. மார்க் 1 இயந்திரம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாம் பேசுவதை எழுத்தாக்கும் செல்போனுக்குள், அந்த 400 கண் இயந்திரத்தின் கொள்ளுப் பேரப் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தப் படிப்பைத் தொடங்கக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதில்லை. நான்கு நண்பர்கள் போதும். மூன்று பேர் கேள்விகள். ஒவ்வொருவர் கையிலும் ஐந்தாறு புளியங்கொட்டை, அதுதான் மார்க். ஆளுக்கு ஒன்றை முன்னால் வைத்துத் தொடங்குங்கள். நான்காவது ஆள் ஆசிரியர். பத்து இலைகளைப் பறித்து வந்து, எது வேப்பிலை, எது இல்லை என்று விளையாடுங்கள். ஓரம் பல் பல்லாக இருக்கிறதா? நுனி கூராக இருக்கிறதா? கையளவுக்குப் பெரியதா? இப்படிக் கேள்விகளை நீங்களே யோசியுங்கள். தப்பு வரும்போது மட்டும் கொட்டையைக் கூட்டுங்கள், குறையுங்கள். எத்தனை தப்புக்குப் பிறகு விளையாட்டு நிற்கிறது என்று நோட்டில் குறித்து வையுங்கள். நிற்கவே இல்லை என்றால், கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

விடைத்தாளில் சிவப்பு மையைப் பார்த்ததும் பலர் அதை மடித்து ஒளித்துவிடுகிறார்கள். சரி என்று போட்ட இடத்தில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை, பிள்ளைகளே. சிவப்பு மை பட்ட இடத்தில்தான் உங்களுக்கான பாடம் இருக்கிறது. கம்பியும் மோட்டாரும் சேர்ந்த ஓர் இயந்திரமே அப்படித்தான் எழுத்துப் படித்தது. அடுத்த முறை விடைத்தாள் கைக்கு வந்ததும், முதலில் அந்தச் சிவப்பு இடத்தைத் திறந்து பாருங்கள்!